சமத்துவத்தை ஏற்பவர் எல்லோரும் பெண்ணியவாதிதானா?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார். "ஆணும் பெண்ணும் சமம் என்பதுதான் பெண்ணியம் என்று அகராதி சொல்கிறது. எல்லா மனிதரும் சமம் என்பது சமத்துவவாதம். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே? எனக்குச் சமத்துவத்தில் நம்பிக்கை உண்டு, ஆனால் என்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. இதில் முரண் இருக்கிறதா?" இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இரண்டு கொள்கைகளும் ஒரே கொள்கையா என்பது முதலாவது. ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கும் ஒருவர் தன்னோடு தானே முரண்படுகிறாரா என்பது இரண்டாவது. கேட்டவருக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவதற்கான பதில்தான் என்று நினைக்கிறேன்.

நான் பல ஆண்டுகளாக அரசியல் தத்துவம் கற்பிப்பவன். சமத்துவம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார். என் பதில் இதுதான்: இரண்டும் ஒன்றல்ல. நிறைய இடங்களில் ஒன்றாகவே நடக்கின்றன, சில முக்கியமான இடங்களில் பிரிகின்றன. ஒன்றுக்குள் மற்றொன்று முழுதாக அடங்குவதில்லை. அதனால் முரணே இல்லாமல் ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கலாம். ஆனால் அப்படி மறுப்பவர், தான் மறுப்பது எதை என்று சொல்லியாக வேண்டும். பெரும்பாலோர் அதைச் சொல்வதில்லை.

முதலில் சமத்துவவாதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை ஒரு மதிப்பீடு: ஒரு மனிதரின் வாழ்வு இன்னொருவருடையதைவிடக் குறைந்த மதிப்புடையதல்ல, அதனால் சமூகம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும். சரி, எதில் சமமாக? 1979இல் அமர்த்திய சென் ஓர் உரையில் எழுப்பிய கேள்வி இது. அன்றிலிருந்து இந்தத் துறையே அதைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்ட உரிமையில் சமமா, வாய்ப்பில் சமமா, வருமானத்திலும் சொத்திலும் சமமா, ஒருவர் தன் வாழ்வில் எதையெல்லாம் செய்ய முடிகிறது என்பதில் சமமா? சென் பிற்பாடு இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். சமத்துவத்துக்கு எதிரி என்று பெயர் வாங்கிய கோட்பாடுகள்கூட ஏதோ ஒன்றில் சமத்துவம் கேட்கின்றன. செல்வத்தை மறுபங்கீடு செய்வதைக் கடுமையாக எதிர்த்த அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக், எல்லோருக்கும் சமமான சுதந்திர உரிமை வேண்டும் என்றவர்தான். ஆகவே "நான் சமத்துவவாதி" என்று ஒருவர் சொன்னால், அவர் நினைக்கும் அளவுக்கு அதிகமாக எதையும் சொல்லிவிடவில்லை.

பெண்ணியம் வேறு வகையான கூற்று. அதிலும் மதிப்பீடு உண்டு, ஆனால் அத்தோடு நிற்பதில்லை. உலகம் எப்படி இருக்கிறது என்பது பற்றியும் அது ஒரு கருத்தை முன்வைக்கிறது. 1980இல் பிரிட்டிஷ் தத்துவவாதி ஜேனட் ராட்க்ளிஃப் ரிச்சர்ட்ஸ் தந்த வரையறை இன்றுவரை எனக்குப் பயன்படுகிறது: பெண்கள் தங்கள் பாலினத்தின் காரணமாகவே, முறைப்பட்ட சமூக அநீதிக்கு ஆளாகிறார்கள் என்று கருதுவது. இதில் "முறைப்பட்ட" என்ற சொல் முக்கியம். எங்கோ ஒரு கொடியவன் ஒரு பெண்ணைக் கொடுமைப்படுத்தினான் என்ற செய்தியோடு இது முடிவதில்லை. சட்டம், வேலை, குடும்பம், பழக்கம் எல்லாம் சேர்ந்து, யாரும் தனியாகத் திட்டமிடாமலேயே, ஒரு பாலினத்தின் பக்கம் சுமையையும் மற்றதன் பக்கம் பலனையும் தள்ளுகின்றன என்பதுதான் கூற்று. அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். ஒரு காலத்தில் அதிகமாகவும் இன்னொரு காலத்தில் குறைவாகவும் உண்மையாக இருக்கலாம். சான்று வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

ஆரோக்கியம் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நோயாளிக்கு இந்த நோய் இருக்கிறது என்று மருத்துவர் சொல்வது அதைத் தாண்டிய ஒரு கூற்று. ஆரோக்கியத்தை முழுமனதோடு போற்றுகிறவரும் அந்த முடிவைச் சந்தேகிக்கலாம். சமத்துவவாதத்துக்கும் பெண்ணியத்துக்கும் இடையில் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இங்கிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. "நீ சமத்துவத்தை ஏற்கிறாய் அல்லவா, அப்படியானால் நீயும் பெண்ணியவாதிதான், உனக்கே தெரியவில்லை" என்று அகராதியைக் காட்டி வாயை அடைப்பது சரியான வாதம் அல்ல. என் தரப்பில் இருப்பவர்களே இதைச் செய்யும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். மறுபக்கம், "நான் சமத்துவவாதி, அதனால் பெண்ணியம் எனக்குத் தேவையில்லை" என்பதும் வாதம் அல்ல. மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டதாலேயே நிலைமை பற்றிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. பெண்கள் இன்னும் குறைவாகத்தான் நடத்தப்படுகிறார்களா? ஆம் என்றால், சமத்துவத்தில் உண்மையான பிடிப்புள்ளவர் அதைச் சரிசெய்ய விரும்பாமல் இருக்க முடியாது. பெயரை வேண்டாம் என்று சொல்லலாம், வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றால், ஏன் இல்லை என்று அவர் காட்ட வேண்டும். எந்தக் கொள்கை உயர்ந்தது என்று இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை உண்மையில் நிலைமை என்ன என்பது பற்றிய சண்டைகள்தான்.

"சமத்துவம் என்று சொன்னாலே பெண்களும் அதில் அடக்கம்தானே, தனியாக ஏன் ஒரு பெயர்?" என்று அடுத்தபடி கேட்பார்கள். வரலாற்றைப் பார்த்தால், தானாக அடங்கியதே இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனம் 1789இல் வந்தது. அடுத்த ஆண்டே தத்துவவாதி கொந்தோர்சே, பெண்களுக்கும் குடியுரிமை வேண்டும் என்று எழுதினார், அவர் விதிவிலக்கு. 1791இல் ஒலம்ப் த கூஜ் என்ற பெண் எழுத்தாளர் அந்தப் பிரகடனத்தை வரிக்கு வரி எடுத்துக்கொண்டு பெண்ணின் உரிமைப் பிரகடனமாக மாற்றி எழுதினார். கொலைமேடை ஏற பெண்ணுக்கு உரிமை இருக்கிறது, அப்படியானால் பேச்சுமேடை ஏறவும் உரிமை இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி வரும். 1793 அக்டோபர் கடைசியில் பெண்களின் அரசியல் சங்கங்கள் தடை செய்யப்பட்டன. சில நாளில், நவம்பர் தொடக்கத்தில், கூஜின் தலை வெட்டப்பட்டது. வழக்கு இந்தப் பிரகடனத்துக்காக அல்ல, வேறு அரசியல் எழுத்துக்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1848இல் பிரான்ஸ் "அனைவருக்கும் வாக்குரிமை" என்று அறிவித்தபோது அந்த அனைவரில் பெண்கள் இல்லை. அவர்களுக்கு அந்த உரிமை 1944இல்தான் கிடைத்தது. அனைவருக்கும் என்ற சொல் முழு அளவுக்கு விரிய 96 ஆண்டுகள்.

எனக்குப் பிடித்த உதாரணம் இதைவிடக் கூர்மையானது. சில்வேன் மரேஷால் என்று ஒருவர். 1796இல் பாபூஃப் என்ற பிரெஞ்சுப் புரட்சியாளரின் 'சமமானவர்கள்' குழுவுக்கு அறிக்கை எழுதியவர். தனிச்சொத்தையே ஒழித்துவிட வேண்டும் என்ற அளவுக்குத் தீவிரமான சமத்துவவாதி; அந்தக் காலத்தில் அவரைவிட இடப்பக்கம் யாரும் நின்றிருக்க முடியாது. அந்த அறிக்கையில், மனிதருக்குள் இனி வயது, பால் ஆகிய இரண்டைத் தவிர வேறெந்த வேறுபாடும் இருக்கக் கூடாது என்று ஒரு வரி. படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஐந்து ஆண்டு கழித்து, 1801இல், அதே மனிதர் பெண்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தடை செய்யும் ஒரு சட்ட வரைவை எழுதி வெளியிட்டார். அது வெறும் கிண்டல் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அன்று படிக்கத் தெரிந்த பெண்கள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை, மறுப்பு எழுதி அச்சிட்டார்கள். சமத்துவத்தின் மேல் அவருக்கிருந்த பற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. பெண்ணின் நிலையைச் சமத்துவம் பற்றிய கேள்வியாகவே அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய சமத்துவக் கோட்பாட்டை 1971இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் வெளியிட்டார். சமூகத்தில் நம் இடம் என்ன என்று தெரியாத நிலையில் இருந்துகொண்டு விதிகளைத் தேர்ந்தெடுத்தால் நியாயமான விதிகள் கிடைக்கும் என்பது அவர் யோசனை. வர்க்கம், திறமை, செல்வம் எல்லாம் ஒரு கற்பனைத் திரைக்குப் பின்னால் மறைக்கப்பட்டன. நான் ஆணா பெண்ணா என்பது மறைக்க வேண்டியவற்றின் பட்டியலில் முதலில் இல்லை. போதாதற்கு, விதிகளைத் தேர்ந்தெடுப்பவர்களைக் குடும்பத் தலைவர்களாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். 1989இல் பெண்ணியத் தத்துவவாதி சூசன் மோலர் ஓகின் கேட்ட கேள்வி எளிமையானது: குடும்பத் தலைவர்கள் கூடி நீதியைத் தீர்மானித்தால், குடும்பத்துக்கு உள்ளே நடக்கும் அநீதியைப் பற்றி யார் பேசுவார்கள்? குழந்தைகள் நீதி என்றால் என்ன என்று முதன்முதலில் கற்கும் இடமே குடும்பம்தானே? அவர் ரால்ஸின் கோட்பாட்டைத் தூக்கி எறியவில்லை. அதையே கையில் எடுத்து இன்னும் உள்ளே கொண்டுபோனார். 1997இல் ரால்ஸ் குடும்பம் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டி வந்தது. பெண்ணியம் சமத்துவவாதத்துக்குச் செய்யும் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த விவாதத்தைத்தான்.

இதுவரை சொன்னதைப் பார்த்தால், பெண்ணியம் என்பது பார்வை தெளிந்த சமத்துவவாதம்தான் என்று தோன்றும். சிக்கல் இனிமேல்தான். சமமாக நடத்துவதே பெண்ணுக்கு எதிராகத் திரும்பும் இடங்கள் உண்டு. கலிபோர்னியாவில், உடல்நிலை காரணமாக வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு காப்பீட்டுத் திட்டம் இருந்தது. சாதாரணப் பிரசவத்தை அது ஒதுக்கி வைத்தது. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் பாலினப் பாகுபாடு இல்லை என்று தீர்ப்பளித்தது. காரணம்? திட்டம் மக்களை ஆண், பெண் என்று பிரிக்கவில்லையாம். கர்ப்பமான பெண்கள், கர்ப்பமாகாத ஆட்கள் என்றுதான் பிரித்ததாம். இரண்டாவது கூட்டத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். ஆனால் ஆண்களுக்கு மட்டுமே வரும் உடல் கோளாறுகளுக்கு அதே திட்டம் பணம் கொடுத்தது என்பதை மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சுட்டிக்காட்டினார். 1976இல் ஒரு தனியார் நிறுவன வழக்கிலும் இதே தர்க்கம் வென்றது. 1978இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் அதை மாற்ற முடிந்தது. பெண்ணியச் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் இந்த மாதிரி வழக்குகளை வைத்து எழுப்பிய குற்றச்சாட்டு இது: ஆணின் உடலையும் ஆணின் வாழ்க்கைப் போக்கையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற அளவுக்குப் பெண்ணுக்குச் சமத்துவம் தருகிறீர்கள். இந்த விமர்சனம் சமத்துவத்தின் எல்லா வடிவங்களையும் வீழ்த்துகிறது என்று நான் கருதவில்லை. ஒரே விதியை எல்லோருக்கும் பொருத்தினால் போதும் என்ற மெலிந்த வடிவத்தை நிச்சயம் வீழ்த்துகிறது.

பெண்ணியவாதிகளே சமத்துவத்தை எதிர்த்து அணிவகுத்த ஒரு காலமும் இருந்தது. இதைச் சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரொட்டித் தொழிலாளர்களின் வேலை நேரத்தை ஒரு நாளைக்கு 10 மணி நேரமாகக் கட்டுப்படுத்திய சட்டத்தை ரத்து செய்தது. ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு எதிரானதாம். 1908இல் சலவைக்கூடங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு அதே 10 மணி நேர வரம்பை விதித்த ஒரு சட்டம் வந்தபோது, அதை அனுமதித்தது. பெண்ணின் உடல் மென்மையானது, அவள் தாயாகப் போகிறவள் என்பது காரணம். காரணம் எரிச்சலூட்டுவதுதான். ஆனால் பலன் உண்மையானது: அதைவிட நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்த பெண்கள் 10 மணி நேரத்தில் வேலையை முடித்து வீட்டுக்குப் போக முடிந்தது. 1923இல் ஆலிஸ் பால் என்ற பெண்ணுரிமைப் போராளியின் கட்சி, ஆண் பெண் இருவருக்கும் சம உரிமை என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை முன்வைத்தது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஃப்ளாரன்ஸ் கெல்லி முக்கியமானவர். தொழிற்சாலைப் பெண்களுக்காக வாழ்நாள் முழுதும் போராடியவர். சம உரிமை என்று எழுதிவிட்டால், பெண்களுக்கென்று வாங்கிய பாதுகாப்பெல்லாம் போய்விடும் என்று அவர் அஞ்சினார்.

அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. அதே 1923இல் உச்ச நீதிமன்றம் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றை ரத்து செய்தது. பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சட்ட வேறுபாடுகள் மறையும் கட்டத்துக்கு வந்துவிட்டன, அப்புறம் தனிப் பாதுகாப்பு எதற்கு என்று நீதிபதி எழுதினார். வாக்குரிமை என்ற வெற்றியைக் காட்டியே கூலியைப் பறித்தார்கள். யார் சரி? ஆலிஸ் பாலா, கெல்லியா? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: அந்தப் பத்தாண்டின் தொழிற்சாலையில் கெல்லி சரி, நீண்டகால நோக்கில் ஆலிஸ் பால் சரி. பெண்களுக்கு மட்டும் என்ற பாதுகாப்பைக் காட்டி நல்ல கூலி தரும் இரவு வேலைகளிலிருந்து பெண்கள் விலக்கப்பட்டதும் நடந்தது. கடைசியில் சிக்கலை அவிழ்த்தது மூன்றாவது வழி. 1938இல் வேலை நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்குமான சட்டம் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக வந்தது. 1941இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பெண்களுக்கு மட்டும் என்று இருந்த பாதுகாப்பு இரு பாலாருக்கும் விரிந்தபோது சண்டையின் காரணத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. எந்தத் திசையில் சமப்படுத்துகிறோம் என்பது, சமப்படுத்துகிறோமா என்பதைப் போலவே பெரிய கேள்வி.

பிரிட்டனில் அரசு ஓய்வூதிய வயது பெண்ணுக்கு 60, ஆணுக்கு 65 என்று நெடுங்காலம் இருந்தது. 1995இல் பெண்களின் வயதை 65ஆக உயர்த்த சட்டம் வந்தது, சமத்துவத்தின் பெயரில். சமத்துவவாதியாகப் பார்த்தால் பழைய ஏற்பாட்டைக் காப்பாற்ற முடியாது, ஆண்களுக்கு அநியாயம்தான். ஆனால் குழந்தை வளர்ப்பிலும் முதியோர் பராமரிப்பிலும் கூலியில்லாமல் கழித்த ஆண்டுகளால் சொந்த ஓய்வூதியம் குறைவாக இருந்த பெண்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகள் பெரிய இழப்பு. இங்கே பெண்ணியவாதிகள் ஒரே குரலில் பேசவில்லை. பேசியிருந்தால்தான் ஆச்சரியம்.

எதிர்த் திசையிலும் இரண்டும் பிரியும். பெண்ணியவாதி ஆனால் சமத்துவவாதி அல்லாதவர்? இருந்திருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தம் 1869இல் வந்தபோது, பெண்களை விட்டுவிட்டதற்காகப் பெண் வாக்குரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டான்டன் அதை எதிர்த்தார். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில், படிப்பறிவில்லாத கறுப்பின ஆண்களுக்கும் வந்தேறிகளுக்கும் முன்னால் படித்த வெள்ளைப் பெண்கள் காத்திருப்பதா என்ற தொனியில் அவர் எழுதியவற்றை இன்று படிக்கக் கூசும். பெண்ணின் விடுதலைக்கு அவரைவிட அதிகம் உழைத்தவர்கள் குறைவு. எல்லா மனிதரும் சமம் என்பதை அவர் முழுதாக ஏற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்றால் எந்த ஆணோடு எந்தப் பெண் சமம் என்று 1984இல் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் கேட்டதும் இதன் தொடர்ச்சிதான். ஆண்களே தங்களுக்குள் சமமாக இல்லாதபோது அந்த வாக்கியத்துக்கு முழுப் பொருள் கிடையாது. ஒரு கார் நிறுவனத்தின் மேல் கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கின் 1976 தீர்ப்பில் இது நடைமுறையாகவே வெளிப்பட்டது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, இரண்டு பாகுபாடுகளையும் சேர்த்து ஒரே வழக்காக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள், எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஆண்கள். சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் தன் புகழ்பெற்ற கட்டுரையில் இந்த வழக்கைத்தான் பிரித்துக் காட்டினார்.

ஆண்களுக்கு நடக்கும் அநீதி என்னாகும் என்று கேட்பவர்களுக்கு: அதுவும் சமத்துவவாதத்தின் அக்கறைக்கு உட்பட்டது, சந்தேகமே இல்லை. பெண்ணியத்தின் மையத்தில் அது இல்லை. ஆனால் பல நேரம் ஒரே வேரிலிருந்து இரண்டும் முளைப்பதால் பெண்ணியவாதிகள் அதையும் கையில் எடுத்திருக்கிறார்கள். பிரசவத்தில் மனைவியை இழந்த ஒருவர், கைக்குழந்தையை வளர்க்க அரசு உதவித்தொகை கேட்டார். விதவைக்குத்தான் உண்டு, மனைவியை இழந்த ஆணுக்குக் கிடையாது என்றார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் பெண்ணுரிமை வழக்கறிஞர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், 1975இல் வென்றார். அந்தச் சட்டம் தந்தையைப் பெற்றோராக மதிக்கவில்லை, வேலைக்குப் போய் வரி கட்டிய மனைவியின் சம்பாத்தியத்தையும் மதிக்கவில்லை என்பது வாதம். ஆண்களுக்கு மட்டும் கட்டாய ராணுவப் பதிவு என்ற சட்டம் 1981இல் அதே நீதிமன்றத்துக்கு வந்தபோது, அமெரிக்காவின் பெரிய பெண்கள் அமைப்பு ஒன்று பெண்களை விலக்குவது தவறு என்று மனு கொடுத்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. நார்வே 2015 முதல் இரு பாலாருக்கும் பொதுவான கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்துவிட்டது.

இதுவரை எழுதியதில் வரலாறும் வழக்குகளும் பதிவில் உள்ளவை, நம்பலாம். இரண்டு கொள்கைகளும் தர்க்கரீதியாக வேறு என்பதையும் உறுதியாகச் சொல்வேன். இனி வருவது அப்படி உறுதியானதல்ல. இன்றைய வேறுபாடுகளில் எவ்வளவு அநீதி, எவ்வளவு விருப்பத் தேர்வு? டென்மார்க்கைப் பற்றி 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, முதல் குழந்தைக்குப் பின் பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிடுகையில் நீண்டகாலத்தில் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று கண்டது. தாராளமான விடுப்பும் குழந்தைக் காப்பகமும் உள்ள நாடு அது. எண்ணில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் பொருள் என்ன என்பதில்தான் நேர்மையானவர்கள் பிரிகிறார்கள். அவர்களே விரும்பித்தான் குறைவாக வேலை செய்கிறார்கள், தேர்வின் விளைவைத் தேர்ந்தெடுத்தவரே ஏற்க வேண்டும் என்கிறது சமத்துவவாதத்தின் ஒரு பிரிவு. 1999இல் தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் அந்தப் பிரிவைத் தாக்கியபோது எடுத்த உதாரணங்களில் ஒன்று இதுதான். யாராவது குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஆக வேண்டும். அந்த வேலையை ஏற்பவரை "உன் விருப்பம்தானே" என்று ஏழ்மையில் விட்டுவிடும் கோட்பாடு எப்படிச் சமத்துவக் கோட்பாடு ஆகும்? நான் ஆண்டர்சன் பக்கம். ஆனால் நான் பொருளியலாளன் அல்ல. அந்த 20 சதவீதத்தை எந்தெந்தக் காரணத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பது என் படிப்புக்குள் வராது.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுவான நோக்கத்துக்கு ஒரு பகுதியின் பெயர் ஏன் என்று கேட்பதை நான் பெரிய ஆட்சேபமாக நினைப்பதில்லை. நிறவெறி எதிர்ப்பு, தொழிலாளர் இயக்கம் என்று நோயைக் கண்ட இடத்தின் பெயரைத்தான் இயக்கங்கள் வைத்துக்கொள்கின்றன. பொதுப் பெயரை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1948ஐப் பாருங்கள். உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவு "ஆண்கள் எல்லோரும்" என்றும் பொருள் கொள்ளத்தக்க ஆங்கிலச் சொல்லோடுதான் தொடங்கியது. மனிதப் பிறவிகள் எல்லோரும் என்று அது மாறியதில் ஐநா மனித உரிமை ஆணையத்தில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த ஹன்சா மேத்தாவுக்கு முக்கியப் பங்கு. சமத்துவத்துக்கென்றே கூடிய அவையில்கூட அதைக் கவனிக்க ஒருவர் தேவைப்பட்டார்.

கேட்டவரின் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை என்கிறீர்கள். முரண் இருக்கிறதா என்பது நீங்கள் எதை மறுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெண்களுக்குப் பாலினத்தின் காரணமாக அநீதி நடக்கிறது என்பதையே மறுக்கிறீர்கள் என்றால் முரண் இல்லை, ஆனால் சான்றுகளோடு நிறைய மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அநீதி உண்டு, ஆனால் பெண்ணியத்தின் குறிப்பிட்ட ஒரு பிரிவு சொல்லும் தீர்வு பிடிக்கவில்லை என்றால், உங்களைப் போன்றவர்கள் பெண்ணியத்துக்கு உள்ளேயே ஏராளம். ஆலிஸ் பாலும் ஃப்ளாரன்ஸ் கெல்லியும் ஒருவரை ஒருவர் பெண்ணியவாதியே இல்லை என்று நினைத்திருக்கலாம், நாம் இருவரையும் அப்படித்தான் படிக்கிறோம். அநீதி உண்டு, தீர்வுகளும் சரி, பெயர் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பெயரை விட்டுவிடுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அநீதி உண்டு என்று ஒத்துக்கொண்டு, அதைப் பற்றி எதுவும் செய்ய வேண்டாம் என்றால் மட்டும்தான் சிக்கல். அப்போது பெண்ணியத்தோடு சேர்த்து சமத்துவத்தையும் கைவிட வேண்டியிருக்கும்.

கடைசியாக, எல்லாம் சமமாகிவிட்ட பிறகு பெண்ணியம் தேவைப்படுமா என்று வகுப்பில் கேட்பார்கள். ஓகினைக் கேட்டால், ஒருவரின் பாலினத்துக்குக் கண்ணின் நிறத்துக்கு உள்ள முக்கியத்துவத்துக்கு மேல் இல்லாத சமூகமே அவருடைய இலக்கு. அங்கே தனிப் பெண்ணியத்துக்கு வேலை இருக்காது. உளவியலாளர் கேரல் கில்லிகன் 1982இல் தொடங்கிவைத்த மரபிலிருந்து வருபவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். பெண்கள் சுமந்து வந்த பராமரிப்பு சார்ந்த அறச்சிந்தனை அழிய வேண்டியதல்ல, எல்லோருக்கும் பரவ வேண்டியது என்பார்கள். இருவரும் பெண்ணியவாதிகள்தான், இருவருக்கும் சமத்துவத்தில் அக்கறை உண்டு. எனக்கு ஓகின் பக்கம் சாய்வு அதிகம். ஆனால் கண்ணின் நிறம் யாரையும் கர்ப்பமாக்குவதில்லை என்று ஒரு மாணவி சொன்னதற்கு இன்னும் முழுப் பதில் என்னிடம் இல்லை.